அத்தாயியின் நகல் மனு

அத்தாயிக்கு மாதச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். அவளை அந்த வேலைக்கு அனுப்பி வைத்தவர் மேல்சோலை எஸ்டேட் சின்னராஜ். இது அவருக்கே தெரியாது. இருபத்தேழு வருஷம் தெரியாமலே இருந்தது.

ஏற்காட்டு மலையில் கரடியூருக்கு அந்தப் பக்கச் சரிவில் பதினோரு வீடுகள் உள்ள கல்லுக்குழிதான் அவள் பிறந்த ஊர். மலைமேல் தலைமுறை தலைமுறையாக ராகியும் சாமையும் விதைத்து, வரப்பில் ஆரஞ்சும் காப்பியும் வைத்துப் பிழைத்த சனம். ஊருக்கும் தார்ரோட்டுக்கும் நடுவே மேல்சோலை எஸ்டேட் படுத்துக் கிடந்தது. அதன் வழியாக நடந்தால் கால் மணி நேரம். சுற்றிக்கொண்டு போனால் ஓடைவரை இறங்கி மறுபடி ஏற வேண்டும், ஒன்றரை மணி நேரம். சின்னராஜின் அப்பா இருந்தவரை யாரும் யாரையும் தடுத்ததில்லை. அவர் போய் மகன் பொறுப்புக்கு வந்த வருஷம் இரும்புக் கேட் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. கூடவே பூட்டும் வந்தது.

1995, ஐப்பசி அடைமழை. அத்தாயியின் அம்மா தங்கம்மாவுக்கு விடிகாலையில் வயிற்றுவலி பிடித்து, பத்து மணிக்குள் உடம்பு நீலம் பாய்ந்துவிட்டது. மூங்கில் கழியில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். அப்போது இருபத்து நான்கு வயதான அத்தாயி, தொட்டிலுக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம் இருக்கிறது என்றான் வாட்ச்மேன். முதலாளி உள்ளேதான், நின்றிருந்த ஜீப்பின் பக்கத்தில் இருந்தார். அத்தாயியின் அப்பா அங்கப்பன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். சின்னராஜ் வந்தார். தொட்டிலை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னைக்குத் தொறந்து உட்டா நாளைக்கு அதே வழக்கமாயிரும் அங்கப்பா. வழக்கமாயிட்டா அப்பறம் பாத்தியம்பீங்க. சுத்திப் போ."

"பொம்பள சாவக் கெடக்குறாங்க சாமி."

"வழி உங்களுதுன்னு ஒரு காயிதம் இருந்தாக் கொண்டா. கேட்டையே கழட்டிப் போட்டுர்றேன்."

அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அலுவலகத்தில் ஒரு மனுவைத் திருப்பிக் கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டு ஜீப்புக்குத் திரும்பினார். இவர்கள் சுற்றிப் போனார்கள். ஓடையைத் தாண்டும்போது தங்கம்மாவின் முனகல் நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, "எந்த வழியா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அங்கப்பன் அதை விதி என்று எடுத்துக்கொண்டார். வழிக்காக நான்கு வருஷம் மனு எழுதிப் போட்டார்; கேட்ட ஆபீசர்கள் எல்லோரும் ஆதாரம் இருக்கிறதா என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்து ராகிக்குக் களை எடுத்தார். அப்படியே ஒருநாள் போய்ச் சேர்ந்தார். அத்தாயி அதை விதியென்று எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காதில் ஒரே ஒரு சொல் நின்றது. காயிதம். அந்த மனுஷனை எதால் அடிக்க வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

பத்தாவது பாஸ் செய்திருந்ததால் 1997இல் ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் மசால்ஜி வேலை கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைக்கு முன்னால் தீவட்டி பிடித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு அந்தப் பெயர். தீவட்டி போய்விட்டது, பெயர் போகவில்லை. கூட்டுவது, மேசை துடைப்பது, காகிதக் கட்டுகளைத் தூக்கி வைப்பதுதான் வேலை. மற்றவர்கள் தூசிக்குப் பயந்து பதிவறைக்குள் கால் வைக்க மாட்டார்கள். அத்தாயி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தானாகவே போய் அங்கே நின்றாள். பத்து வருஷத்தில் அந்த அறையின் எழுத்தராகவே ஆகிவிட்டாள்.

கீழே சேலத்தில் எப்போதோ பழைய கட்டுகளைக் கழித்தபோது, மலை சம்பந்தப்பட்டவை நான்கு தகரப் பெட்டிகளில் மேலே வந்திருந்தன. அவற்றை யாரும் திறந்ததில்லை. திறந்தாலும் படிக்க முடியாது. தமிழ்க் காகிதங்களில் எழுத்துக்குப் புள்ளியே இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இருக்காது. இங்கிலீஷ் காகிதங்கள் காற்றில் சாய்ந்த கோரைப்புல் மாதிரி இருக்கும். அத்தாயி நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். ஒரு குமாஸ்தா 'க' எழுதுகிற விதம், 'த' எழுதுகிற விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தாள். ஊகித்துப் படித்த சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு போட்டு வைத்தாள். வேறு இரண்டு இடங்களில் அதே சொல் அதே உருவத்தில் கிடைத்த பிறகுதான் கோட்டை அழித்தாள். கோடே இல்லாத முதல் பக்கம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. இங்கிலீஷுக்கு அகராதி வைத்துக்கொண்டு மூன்று வருஷம்.

அவள் கணவர் சிவக்குமார் ஜீப் ஓட்டுகிறவர். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நாளைக்கு மூன்று நடை. அவளுடைய நோட்டுகளைப் பார்த்துச் சிரிப்பார். "செத்துப்போன வெள்ளக்காரனுக்கு இத்தன வருசம் கழிச்சு ஒருத்தி லெட்டர் படிக்கறா. உசுரோட இருக்கற புருசன் எழுதுன மளிகைச் சீட்டப் படிக்க மாட்டேங்கறா."

பெட்டிகளில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியவை. 1860களில் இந்த மலையைப் பார்த்துக்கொண்ட உதவிக் கலெக்டர் ஒருவருடைய நாட்குறிப்பும் உத்தரவுகளும். அத்தாயி அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. நொண்டிக்குதிரை துரை என்பாள். ஏனென்றால் அவருடைய மட்டக்குதிரைக்கு முன்னங்கால் வீங்கி, அது பதினேழு நாள் தினமும் நாட்குறிப்பில் வந்தது.

ஒரு மலையை ஆள்வது என்றால் என்ன என்பதை அத்தாயி அந்தப் பக்கங்களில் படித்தாள். மழைமானியின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள், அதனால் ஜூலை மழை இவ்வளவு என்று ஊகமாக எழுதியிருக்கிறது, மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சுமை தூக்கும் கூலிகள் பன்னிரண்டு பேர் பாதி வழியில் பெட்டிகளை வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள், அவர்கள் ஊர்த் தலைவனான மூப்பனைக் கூப்பிட்டு இரண்டு நாள் உட்கார வைக்க வேண்டும். அம்மை குத்த ஆள் வந்தால் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுகிறார்கள். சிறுத்தையைக் கொன்றதற்கு வெகுமதி வாங்க வந்தால் தோலின் காதை அறுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதே தோலை அடுத்த மாதமும் கொண்டு வருகிறார்கள். ஏருக்கு இவ்வளவு, மண் கொத்துகிற கொத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டால் கொத்துகளை ஒளித்து வைக்கிறார்கள். பூட்ஸில் பூஞ்சை. தபால்காரனுக்குக் காய்ச்சல். கச்சேரி ஆபீஸ் கூரையில் தேன்கூடு.

எல்லாவற்றையும் ஒரே கை, ஒரே மை, ஒரே நிதானத்தில் எழுதியிருந்தது. ஓர் ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்குத் தோட்டத்தின் வழியே போக அனுமதி கேட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் துரை எழுதிய குறிப்பைப் படித்தபோது அத்தாயி அகராதியை மூடி வைத்துவிட்டாள். ஒருமுறை அனுமதித்தால் அது வழக்கமாகிவிடும், ஆகவே மறுக்கலாம். சின்னராஜ் அன்று கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது அவருடைய சொந்தச் சொல்கூட இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவர்களுக்கெல்லாம் ஒரே பள்ளிக்கூடம்.

அவள் தேடிய காகிதம் 2011 மாசி மாதத்தில் கிடைத்தது. குதிரைக்கு மஞ்சள் பற்றுப் போட்ட நாளுக்கும் மழைமானி உடைந்த நாளுக்கும் நடுவே இரண்டு பக்கம். குமாஸ்தா தமிழில் எழுதிய வாக்குமூலம். காப்பித் தோட்டம் போட ஒருவருக்கு, இன்றைய மேல்சோலை எஸ்டேட் இருக்கிற நிலத்தைக் கொடுப்பதற்கு முன் துரை இடத்தைப் பார்வையிட்டு, கல்லுக்குழி மூப்பனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

'மேற்படி பூமி யாருடைய பாத்தியமென்று கேட்டதற்கு, எங்களுடையதல்ல, சேர்வராயன் சாமியுடையது, நாங்கள் கொத்துகிறவர்களென்று சொன்னான்.'

அடியில் மூப்பனின் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல். பக்கத்தில் துரையின் சாய்ந்த எழுத்து: ஜனங்கள் உரிமை எதுவும் கோரவில்லை, தரிசாகக் கொள்ளலாம்.

அத்தாயி அந்தக் கீறலின் மேல் விரலை வைத்தாள். மூப்பன் பயந்து சொன்னதல்ல, ஏமாந்து சொன்னதும் அல்ல. மரியாதையாகப் பேசியிருக்கிறான். கல்லுக்குழியில் இன்றைக்கும் யாரும் என் காடு என்று சொல்ல மாட்டார்கள். நான் கொத்துகிற காடு என்பார்கள். மலை முழுக்கச் சாமியுடையது, மேலே குகைக்குள் உட்கார்ந்திருக்கிற அவன் காதில் விழ என்னுடையது என்று சொன்னால் விளைச்சல் பதராகிச் சாவியாகப் போகும். துரை வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னதும் இருநூறு ஏக்கர் போய்விட்டது. அதைச் சொல்லி முடித்த அன்று சாயந்திரம் துரை நாட்குறிப்பில் எழுதியது இதுதான்: குதிரைக்கு வீக்கம் குறைந்திருக்கிறது.

வழிக்கு அந்தக் காகிதம் உதவாது என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. வேறொன்றுக்கு உதவும். நிலம் சாமியுடையது என்று சர்க்கார் முத்திரையோடு எழுதியிருக்கிறது. கோயில் நிலம் என்று அறநிலையத்துறை ஓர் ஆட்சேபணை கொடுத்தால் போதும், அந்த நிலத்தை எவனும் எவனுக்கும் கிரயம் செய்ய முடியாது. வழக்கு முடிகிறவரை பத்திர ஆபீஸில் பதிய மாட்டார்கள். வழக்கு முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவான்.

ஆனாலும் அவள் அப்போது ஒன்றும் செய்யவில்லை. சின்னராஜ் எஸ்டேட்டில் சுகமாகக் காப்பி பறித்துக்கொண்டிருந்தார். விற்க நினைக்காதவனை விற்காதே என்று தடுத்தால் அவனுக்கு வலிக்காது. அந்த மனுஷனுக்கு இந்த மலையை விட்டுப் போக வேண்டும் என்று ஆசை வர வேண்டும். ஆசை முற்ற வேண்டும். அத்தாயி காகிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, வரிசை எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, பெட்டியை மூடினாள். பதின்மூன்று வருஷம் காத்திருந்தாள். கரையான் வராமல் வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தப் பெட்டிக்கு மட்டும் வேப்பிலை மாற்றினாள்.

2024 சித்திரையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அவளுடைய ஜன்னலுக்கு வந்து பழைய பதிவேட்டு நகல் ஒன்று கேட்டார். மனுவில் காரணம் என்ற இடத்தில் 'கிரயத்துக்காக' என்று எழுதியிருந்தது. அத்தாயி அதை இரண்டு தடவை படித்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில், முதலாளிக்கு முழங்கால் தேய்ந்துபோய் மலைக்குளிர் ஆகவில்லை, கோயமுத்தூரில் அடுக்குமாடி வீடு பார்த்தாகிவிட்டது, ரிசார்ட் கட்டுகிற கம்பெனி ஒன்று மொத்தத்தையும் வாங்குகிறது, வைகாசி பத்தாம் தேதி பதிவு என்று ரைட்டர் தானாகவே சொன்னார். அத்தாயி நகலை ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்துக் கொடுத்தாள்.

தன்னுடைய நகல் மனுவைப் போடுவதற்கு முன் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. வாக்குமூலத்தின் முதல் பக்கத்து எல்லைக்குள் எஸ்டேட் வருகிறது. இரண்டாம் பக்கத்து எல்லைக்குள் கல்லுக்குழி வருகிறது. ஆட்சேபணை போனால் பதினோரு வீடுகளும் கோயில் நிலத்தில் இருப்பவை ஆகிவிடும். பட்டா நின்றுபோகும். அவள் தம்பி முருகேசன் அரசாங்கத் திட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். பட்டா இல்லையென்றால் அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சுற்றுவழியில் நடந்து ஊருக்குப் போய், புதுச்சுவரின் ஓரத்தில் நின்று, அவனிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

முருகேசன் கேட்டுவிட்டுச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தான். அம்மா செத்தபோது அவனுக்குப் பதினாறு வயது. தொட்டிலின் பின்கழியில் தோள் கொடுத்தவன் அவன்.

"ஊடு லிண்டல் வரைக்கும் வந்திருச்சு அக்கா."

தெரியும் என்றாள்.

"மொதப் பக்கத்த மட்டும் நகல் எடுத்துட்டு ரெண்டாம் பக்கத்த உட்டுர முடியாதா? நீதான அங்க எல்லாம்?"

"பாதிக் காயிதம் பொய்க் காயிதம். மறுபாதி எங்கம்பான் அவன் வக்கீலு. அப்பறம் முழுசும் செல்லாமப் போயிரும்."

"அப்ப அந்தாளு காலை ஒடைக்கறதுக்கு எங்க பதினோரு ஊட்டுக்காரங்க காலையும் சேத்து ஒடைக்கப் போறே."

அத்தாயி இல்லையென்று சொல்லவில்லை. முருகேசன் கரண்டியை எடுத்துச் சிமெண்டைக் கலக்க ஆரம்பித்தான். பிறகு அவன் செய்தது அவளுக்குச் செய்த துரோகம் என்று சொல்ல முடியாது. அவன் நேராக மேல்சோலைக்குப் போய் சின்னராஜைப் பார்த்தான். ஊருக்கு வழியும் கிடைக்கட்டும், வீடும் நிற்கட்டும் என்று பேசிப் பார்க்கலாம் என்பது அவன் நினைப்பு.

அதன் பலனாக மூன்றாம் நாள் சின்னராஜே அலுவலகத்துக்கு வந்தார். அறுபத்தொரு வயது. கைத்தடி ஊன்றியிருந்தார். பதிவறை ஜன்னலுக்கு முன்னால் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு காலத்தில் ஏ புள்ள என்றவர் இப்போது நீங்க என்றார். முருகேசன் நல்ல பையன், விஷயத்தைச் சொன்னான் என்றார். வழியை எழுதித் தருகிறேன், பதிவு செய்தே தருகிறேன், பன்னிரண்டு அடி அகலம், ஆட்டோகூடப் போகலாம், எஸ்டேட்டுக்குள் இருக்கிற தண்ணீர் ஊற்றையும் சேர்த்து ஊருக்கே விட்டுவிடுகிறேன் என்றார். வாங்குகிற கம்பெனியிடமும் பேசிவிட்டாராம்.

"பத்து நாளைக்கு அந்தக் காயிதம் கெடைக்காம இருந்தாப் போதுங்கம்மா. அதுக்கப்பறம் நீங்க கண்டுபுடிங்க, காட்டுங்க, உங்க இஷ்டம்."

"இங்க எதும் கெடைக்காமப் போறதில்லைங்க" என்றாள் அத்தாயி.

ஆனால் அவள் யோசித்தாள். யோசிக்கவே இல்லை என்றால் அது பொய். அப்பா நான்கு வருஷம் எழுதியெழுதிக் கேட்டது கையில் வந்து நிற்கிறது. நாளைக்குக் கல்லுக்குழியில் ஒருத்திக்கு வலி எடுத்தால் கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. முருகேசன் வீட்டுக்குக் கூரை ஏறும். சரியானது எது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"எங்கம்மாவைத் தூக்கிட்டு வந்தது ஞாபகம் இருக்குதுங்களா?"

சின்னராஜ் நெற்றியைச் சுருக்கினார். நடிக்கவில்லை, உண்மையாகவே தேடினார். பிறகு முகம் தெளிந்தது.

"ஆமா ஆமா, மழை. அன்னைக்கு ஜீப்புல கியர் பாக்ஸ் போயிருச்சுங்க. காலைல இருந்து அதோட மல்லுக்கட்டிட்டு நிக்கறேன். சேலத்துல இருந்து மெக்கானிக் வரலை. நொம்ப டென்ஷன். அதுல எதாவது பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. அவங்க... அப்பறம் நல்லாயிட்டாங்கல்ல?"

அத்தாயி ஜன்னலுக்கு உள்ளே நின்றபடி அவரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட அவள் இறங்கி வந்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்றாலும் பரவாயில்லை. ஜீப் ஞாபகம் இருக்கிறது. மெக்கானிக் வராதது இருபத்தொன்பது வருஷம் கழித்தும் வருத்தமாக இருக்கிறது.

"பதினொண்ணரைக்கு ஆபீசர் வந்துருவாருங்க. எனக்கு வேலை இருக்குது" என்று சொல்லி ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அன்று பகலே மனு எழுதினாள். பதிவறை எழுத்தரே நகல் கேட்டால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினாள். தன் மனுவைத் தானே பெற்றுக்கொள்ளக் கூடாது. பக்கத்துப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டு முத்திரை போடச் சொன்னாள். நகலை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிற வேலையையும் வேறொருவரைச் செய்ய வைத்தாள். இரண்டு பக்கமும் முழுசாக, மூப்பனின் கீறலோடு, துரையின் ஓரக்குறிப்போடு. நாளைக்கு யாரும் எந்த இடத்திலும் விரல் வைத்து இது முறையில்லை என்று சொல்லக் கூடாது. நகல் கைக்கு வந்ததும் அறநிலையத்துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஏழாம் நாள் அங்கிருந்து பத்திர ஆபீஸுக்கு ஆட்சேபணைக் கடிதம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னராஜுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தோம், பொம்பளை அடங்கிவிட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

வைகாசி பத்தாம் தேதிக்கு அத்தாயி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். சிவக்குமார்தான் ஜீப்பில் கொண்டுபோய் இறக்கினார். "பழி வாங்கறதுக்கும் லீவு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வர்ற ஆளு இந்த மலையிலயே நீ ஒருத்திதான்" என்றார். பிறகு சிரிப்பை விட்டு, "முருகேசனை நெனைச்சுப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பத்திர ஆபீஸுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்தே முக்காலுக்கு இரண்டு கார்கள் வந்தன. சின்னராஜ் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு இறங்கினார். கம்பெனிக்காரர்கள் கையில் இனிப்புப் பெட்டி இருந்தது. உள்ளே போனார்கள். அத்தாயி ஒரு டீ குடித்தாள். ஆறிப்போகாமல் குடித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வெளியே நின்று போனில் பேசினார்கள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிக்கொண்டார்கள். பிறகு வக்கீல் வந்தார். கடைசியில் சின்னராஜ் கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்றவர் எதிரே அவளைப் பார்த்துவிட்டார்.

ரோட்டைத் தாண்டி வர அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை வருசம் ஆகும்னு வக்கீலுக்கே தெரியலையாம்" என்றார். குரலில் கோபம்கூட வரவில்லை. "உங்க ஊருக்கும் வழி போச்சு. உங்க தம்பிக்கும் ஊடு போச்சு. சாமி வந்து காப்பி பறிக்கப் போகுதா? இதுல உனக்கு என்ன கெடைச்சுது அத்தாயி?"

"நீங்க இங்கயே இருக்கறது கெடைச்சுதுங்க."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்தபோது கண் கோயமுத்தூர்ப் பக்கமோ எங்கேயோ போய் வந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்காரப் பார்த்து, உட்காராமல், காருக்குத் திரும்பினார். அவர் கதவைத் திறந்து உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைக்கிறவரை அத்தாயி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அவள் நினைத்திருந்த அளவுக்கு இனித்தது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. பழி வாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்கள் சரியாக வாங்கிப் பார்த்ததில்லை என்று நினைத்தாள்.

ஆனி முதல் வாரத்தில் கல்லுக்குழியின் பதினோரு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். யாரையும் வெளியேற்றவில்லை, விசாரணை முடிகிறவரை புதுக்கட்டுமானம் கூடாது, பட்டா மாற்றம் கிடையாது என்று இருந்தது. முருகேசனின் வீடு லிண்டல் உயரத்தில் நின்றது. பழைய வீட்டை அவன் ஏற்கெனவே இடித்து, அந்தக் கல்லைத்தான் புதுச்சுவருக்குப் போட்டிருந்தான். அவனும் மனைவியும் பிள்ளையும் ஆட்டுப்பட்டிக்கு ஒதுங்கிவிட்டார்கள். ஏற்காட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்து இருங்கள் என்று சிவக்குமார் இரண்டு தடவை ஜீப்போடு போய்க் கூப்பிட்டார். முருகேசன் வரவில்லை. ஊரில் அத்தாயியின் பெயரைச் சொன்னால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

தென்மேற்கு மழை இறங்கப்போகிற சனிக்கிழமை அவள் நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஓடையில் இறங்கி ஏறி ஊருக்குப் போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை. முருகேசன் கூரையில்லாத சுவருக்குள் நின்று, மூங்கில் கழிகளைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். தார்ப்பாயைப் பார்த்தான். கழியைக் கீழே வைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அக்கா. அம்மாளுக்காகப் பண்ணுனயா, உனக்காகப் பண்ணுனயா?"

அம்மாவுக்காக என்று சொல்லியிருந்தால் அவன் அழுதிருப்பான். எல்லாம் லேசாகிப் போயிருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் உறுதியில்லாத சொல்லுக்குக் கீழே கோடு போட்டே பழகிய கை. இந்த ஒரு சொல்லில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"எனக்காக."

முருகேசன் கழியை மறுபடி எடுத்துக் குறுக்கே போட்டான். வலதுபக்கச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்தான். அடிவாரத்துப் பக்கமிருந்து மேகம் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் காற்று வந்து தார்ப்பாயின் மடிப்பைப் பிரித்தது.

"ஒரு தலைப்பை இப்படி வீசு. அந்த மூலைய நீ புடி" என்றான்.

அவள் வீசினாள். காற்று தார்ப்பாயைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் மூலையைப் பிடித்து இழுத்து, கல்லுக்கும் கம்பிக்கும் நடுவே கயிற்றை விட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இன்னும் இறுக்கு" என்றான் முருகேசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.